52 ஆண்டுகள் அரியணையில்: முதலாம் குலோத்துங்கன் யார், என்ன செய்தான்?

கேள்வி இதுதான்: "முதலாம் குலோத்துங்க சோழன் 52 ஆண்டுகள் ஆண்டிருக்கிறான். ராஜராஜன், ராஜேந்திரன் அளவுக்கு இவனைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? இவன் சோழனே இல்லை, வேங்கியிலிருந்து வந்த சளுக்கியன், அரியணையைப் பறித்துக்கொண்டவன் என்கிறார்களே, அது சரியா?"

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ராஜராஜன் அரியணை ஏறியது 985. அவன் மகன் ராஜேந்திரன் இறந்தது 1044. அப்பா, மகன் இருவரும் சேர்ந்து ஆண்டது 59 ஆண்டுகள். குலோத்துங்கன் ஒருவனே 1070 முதல் 1122 வரை ஆண்டான். இவ்வளவு நீண்ட காலம் ஆண்ட ஒருவனுக்கு நம் பேச்சில் கிடைக்கும் இடம் மிகவும் குறைவு என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. காரணம் எனக்குத் தெரிந்தவரை எளிது. அவன் தஞ்சைப் பெரிய கோயில் போல ஒன்றைக் கட்டவில்லை. கங்கைக்கோ, இன்றைய மலேசியாவின் கெடா பகுதியான கடாரத்துக்கோ படையெடுத்துப் பெயர் வாங்கவில்லை. சோழப் பேரரசு அவன் காலத்தில் பரப்பளவில் சுருங்கியது. பள்ளிக்கூட வரைபடத்தில் வண்ணம் அடித்துக் காட்ட முடியாத அரசன் அவன். ஆனால் சிதறிப் போயிருக்க வேண்டிய ஒரு நாட்டை அரை நூற்றாண்டு கட்டிக் காத்தவன் அவன்தான். எதைப் பிடித்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இதைத்தான் கீழே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சோழனா, சளுக்கியனா என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு உறவுமுறையைப் புரிந்துகொண்டாலே போதும். ராஜராஜனுக்குக் குந்தவை என்று ஒரு மகள். எல்லோருக்கும் தெரிந்த அக்கா குந்தவை வேறு, இவள் மகள். இவளை வேங்கி நாட்டுக் கீழைச் சளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வேங்கி என்பது கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட வளமான நாடு. இவர்களுக்குப் பிறந்தவன் ராஜராஜ நரேந்திரன். அவன் தன் தாய்மாமன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களுக்குப் பூச நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள்: ராஜேந்திரன். பின்னாளில் குலோத்துங்கன் என்று பெயர் மாற்றிக்கொண்டவன் இவன்தான். வளர்ந்ததும் இவனும் தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியைக் கட்டினான்.

ஆக, பாட்டி சோழ இளவரசி, அம்மா சோழ இளவரசி, மனைவியும் சோழ இளவரசி. அப்பா வழியில் சந்திர குலம், அம்மா வழியில் சூரிய குலம். ஆந்திரப் பகுதிச் செப்பேடுகளில் விஷ்ணுவர்த்தனன் என்ற சளுக்கியப் பட்டப்பெயரோடு வருவான். காவிரிக்கரைக் கல்வெட்டுகளில் சோழர்களுக்கே உரிய ராஜகேசரி என்ற பட்டத்தோடு வருவான். அவனுக்கு இரண்டுமே பொருந்தும். தந்தை வழியை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் அவனைச் சளுக்கியன் என்பார்கள். அம்மங்கையையும் குந்தவையையும் கணக்கில் எடுத்தால் அவன் முக்கால் சோழன். பெண் கொடுத்து வேங்கியைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள ராஜராஜன் போட்ட திட்டம் அது. அந்தத் திட்டத்தின் பேரப்பிள்ளை ஒருநாள் தஞ்சை மண்ணையே ஆள வருவான் என்று ராஜராஜனே நினைத்திருக்க மாட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குலோத்துங்கனின் அப்பா ராஜராஜ நரேந்திரன் ராஜமகேந்திரவரத்தில் ஆண்டபோது, அவன் அவையில்தான் நன்னயர் தெலுங்கில் மகாபாரதம் எழுதத் தொடங்கினார். தெலுங்கின் ஆதிகவி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். மகன் குலோத்துங்கன் அவையில்தான் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணி பாடினார். தெலுங்கின் முதல் காவியமும் தமிழின் மிகப் புகழ்பெற்ற பரணியும் ஒரே குடும்பத்தின் அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகளின் நிழலில் பிறந்திருக்கின்றன.

இப்போது அரியணை எப்படிக் கிடைத்தது என்ற கதை. 1061-ல் ராஜராஜ நரேந்திரன் இறந்ததும் வேங்கி அரியணை மகனுக்குக் கிடைக்கவில்லை. சிற்றப்பன் விஜயாதித்தன் அதில் உட்கார்ந்துவிட்டான். இளவரசன் ராஜேந்திரன் வடக்கே போனான். இன்றைய பஸ்தர் பக்கத்தில் இருந்த சக்கரக்கோட்டத்து மன்னன் தாராவர்ஷனிடம் திறை வாங்கியதையும், வயிராகரத்தில் யானைக் கூட்டங்களைப் பிடித்ததையும் அவனுடைய தொடக்கக்கால மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி, பெருமையாகச் சொல்கிறது. "திருமன்னி விளங்கும் இருகுவடு அனைய தன் தோளும் வாளும் துணையென" என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி அது. தன் தோளும் தன் வாளும் மட்டுமே துணை. நாடு இல்லாத ஒரு இளவரசனின் குரல் அதில் அப்படியே கேட்கும்.

அந்தச் சமயத்தில் சோழநாட்டின் நிலைமையையும் பார்க்க வேண்டும். ராஜேந்திரனுக்குப் பின் அவன் மகன்கள் மூவர் அடுத்தடுத்து ஆண்டார்கள். மூவரும் கன்னட நாட்டை ஆண்ட மேலைச் சளுக்கியரோடு ஓயாமல் போரிட்டார்கள். ராஜாதிராஜன் 1054-ல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அதே களத்தில் முடி சூடிப் போரை வென்றான். கடைசித் தம்பி வீரராஜேந்திரனும் பெரும் போர்வீரன். அவன் 1070-ல் இறந்ததும் மகன் அதிராஜேந்திரன் வந்தான். சில மாதங்களிலேயே அவனும் இறந்தான். அந்த ஆண்டு ஜூன் மாதம் வேங்கிப் பேரன் சோழ அரியணையில் இருந்தான்.

சில மாதங்களில் என்ன நடந்தது? இதற்கு இரண்டு பக்கக் கவிஞர்கள் இரண்டு கதை சொல்கிறார்கள். மேலைச் சளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன், வீரராஜேந்திரனின் மருமகன். அதாவது அதிராஜேந்திரனுக்கு அக்காள் அல்லது தங்கை கணவன் முறை. அவனைப் பாடிய காஷ்மீரக் கவிஞர் பில்ஹணர், விக்கிரமாதித்தன் கங்கைகொண்ட சோழபுரம் வரை வந்து மைத்துனனை அரியணையில் அமர்த்திவிட்டுத் திரும்பியதாகவும், துங்கபத்திரை போய்ச் சேர்ந்த சில நாளில் உள்நாட்டுக் கலகத்தில் மைத்துனன் இறந்து 'ராஜிகன்' நாட்டைப் பிடித்துக்கொண்டான் என்ற செய்தி வந்ததாகவும் எழுதுகிறார். ராஜிகன் என்பது நம்மவன்தான். செயங்கொண்டாரோ அதிராஜேந்திரனின் பெயரையே எடுக்கவில்லை. அரசன் மறைந்தான், நாட்டில் ஒழுங்கு கெட்டது, வடக்கே போயிருந்த அபயன் (இதுவும் குலோத்துங்கனின் பெயர்தான்) வந்து இருளை நீக்கினான் என்று முடித்துவிடுகிறார். குழந்தையாக இருந்தபோதே கங்கைகொண்ட சோழனின் அரசி இவனைக் கையில் ஏந்தி, இவன் நமக்கு மகனாகி நம் குலத்தை ஆள வேண்டும் என்று சொன்னதாகவும் பரணியில் ஒரு இடம் வரும். புதிதாக வந்தவனுக்கு உரிமை தேடித் தரும் வேலையை அந்தத் தாழிசை செய்கிறது.

இரண்டு கவிஞர்களும் தத்தம் அரசனுக்காகப் பாடியவர்கள். அதனால் நான் கல்வெட்டுகளை அதிகம் நம்புகிறேன். அதிராஜேந்திரன் காலத்துக் கூகூர்க் கல்வெட்டு ஒன்று, அரசனின் உடல்நலத்துக்காகத் திருப்பதியம், அதாவது தேவாரப் பாடல்கள், ஓத ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. அவன் நோயாளியாக இருந்தான் என்று இதிலிருந்து தெரிகிறது. குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதித் தொகுதியினர் மோதிக்கொண்டு ராஜமகேந்திர சதுர்வேதிமங்கலம் என்ற ஊரையே எரித்திருக்கிறார்கள். கோயில் கருவூலம் கொள்ளை போயிருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து ஊரைச் சீர்செய்யும்போது எழுதிய கல்வெட்டில் இது இருக்கிறது. ஆக, நாட்டில் கலகம் இருந்தது உண்மை. அரசன் நோயில் கிடந்தான் என்பதும் உண்மை. அவனைக் கொன்றது குலோத்துங்கன்தான் என்று சொல்ல ஒரு கல்வெட்டும் இல்லை. கிடைத்த சந்தர்ப்பத்தை அவன் விடவில்லை என்று சொல்லலாம். 'பறித்தவன்' என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. நேர்வாரிசு இல்லாத வீட்டில் மகள் வயிற்றுப் பேரன் வந்து பொறுப்பேற்ற கதை இது.

வந்தவன் முதலில் செய்தது என்ன? இங்கேதான் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிகிறது. அவனுக்கு எல்லாத் திசையிலும் நெருப்பு. இலங்கையில் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையிலிருந்து சோழப் படையை விரட்டிக்கொண்டிருந்தான். 993 வாக்கில் ராஜராஜன் பிடித்த நாடு, 77 ஆண்டுகளுக்குப் பிறகு கைநழுவியது. பாண்டியர்கள் தலைதூக்கினார்கள். சேரநாட்டிலும் அதே நிலை. வடமேற்கில் விக்கிரமாதித்தன், மைத்துனன் ராஜ்ஜியம் போன கோபத்தில் காத்திருந்தான்.

குலோத்துங்கன் இலங்கையை விட்டுவிட்டான். மீட்கப் பெரும்படை அனுப்பவில்லை. அவனுடைய தாத்தாவாக இருந்தால் கப்பல் கப்பலாக அனுப்பியிருப்பார். இவன் கடலைத் தாண்டிய நிலத்தைவிடக் காலடியில் இருக்கும் நிலம் முக்கியம் என்று முடிவு செய்தான். முதலில் விக்கிரமாதித்தனைச் சந்தித்தான். விக்கிரமாதித்தனுக்கும் அவன் அண்ணன் இரண்டாம் சோமேஸ்வரனுக்கும் ஆகாது. குலோத்துங்கன் அண்ணனோடு கைகோத்துக்கொண்டான். 1075, 76 வாக்கில் கோலார்ப் பக்கத்து நங்கிலியில் தொடங்கி, பகைவரைத் துங்கபத்திரை வரை துரத்தியதாக அவன் கல்வெட்டுகள் சொல்கின்றன. இன்றைய தென் கர்நாடகப் பகுதியான கங்கவாடி சோழர் கையில் நின்றது. ஆனால் 1076-ல் விக்கிரமாதித்தன் அண்ணனைத் தள்ளிவிட்டுத் தானே அரசனானான். குலோத்துங்கன் அதற்கு மேல் துங்கபத்திரையைத் தாண்ட முயலவில்லை. அது எதிராளியின் ஆறு என்று விட்டுவிட்டான். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு இருவருக்கும் இடையே பெரும் போர் இல்லை.

அப்புறம் தெற்கே திரும்பினான். பாண்டியர் ஐவரை வென்று, கோட்டாறு, விழிஞம், காந்தளூர்ச்சாலை வரை போனான். போனதோடு திரும்பிவிடவில்லை. முக்கியமான வழிகளில் நிலைப்படைகளை நிறுத்தினான். கோட்டாற்று நிலைப்படை என்று கல்வெட்டுகளில் பெயரோடு வரும். உள்ளூர் ஆட்சியைப் பெரும்பாலும் உள்ளூர்த் தலைவர்களிடமே விட்டுவிட்டு, வழியை மட்டும் காவல் காத்தான். முந்தைய சோழர்கள் மதுரையில் 'சோழ பாண்டியர்' என்ற பட்டத்தோடு தம் இளவரசர்களை அமர்த்தினார்கள். இவன் அதைத் தொடரவில்லை.

வேங்கியை மட்டும் விடவில்லை. அது பிறந்த வீடு. சிற்றப்பன் விஜயாதித்தன் உயிரோடு இருந்தவரை அவனையே ஆளவிட்டான். இது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. தன் உரிமையை எடுத்துக்கொண்டவன், சோழப் பேரரசனாக ஆன பிறகும் அவனைத் தொடவில்லை. விஜயாதித்தன் 15 ஆண்டுகள் ஆண்டு மறைந்தபின்தான் தன் மகன்களை ஒவ்வொருவராக அங்கே ஆளுநராக அனுப்பினான். முதலில் போனவன் ராஜராஜ மும்முடிச் சோழன். ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். ஏன் தெரியுமா? அரசாளும் இன்பம், பெற்றோரின் பாதங்களுக்குப் பணிசெய்யும் இன்பத்துக்கு ஈடாகாது என்று அவன் கருதியதாகச் செப்பேட்டில் எழுதியிருக்கிறது. ஊர் ஏக்கம் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்த ஒரு பிள்ளை! அரச குடும்பத்துச் செப்பேட்டில் இப்படி ஒரு வரியைப் படிக்கும்போது 900 ஆண்டு இடைவெளி காணாமல் போய்விடுகிறது. அவனுக்குப் பிறகு தம்பி வீரசோழன், பிறகு சோடகங்கன், மறுபடி வீரசோழன், கடைசியில் விக்கிரம சோழன் என்று மகன்கள் மாறி மாறி வேங்கிக்குப் போனார்கள். அண்ணன் தம்பிகள் அரியணைக்காக வெட்டிக்கொண்ட காலம் அது. இவன் பிள்ளைகள் அப்படிச் சண்டை போட்டதாகச் செய்தி இல்லை.

சரி, போரை விடுவோம். இந்த அரசனை மக்கள் எந்தப் பெயரால் நினைவு வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்: 'சுங்கம் தவிர்த்த சோழன்'. கடாரம் கொண்டான், கங்கை கொண்டான் என்று வந்த பட்டங்களுக்கு நடுவே, ஒரு வரியை நீக்கியதற்காகக் கிடைத்த பட்டம். வழியில் போகும் சரக்குக்கு வாங்கும் தீர்வைதான் சுங்கம். வண்டியில் உப்போ நெல்லோ ஏற்றிக்கொண்டு போகிறவன் ஒவ்வொரு எல்லையிலும் நின்று கொடுக்க வேண்டும். அதைத்தான் நீக்கினான். தஞ்சைக்கு அருகே கருந்திட்டைக்குடி 'சுங்கம் தவிர்த்த சோழநல்லூர்' என்று பெயர் பெற்றது. அவன் மகன் விக்கிரம சோழனைப் பாடிய ஒட்டக்கூத்தரும் முன்னோர் வரிசையைச் சொல்லும்போது இவனைச் சுங்கம் தவிர்த்தவன் என்றே அடையாளம் காட்டுகிறார்.

சுங்கத்தை விட்டால் கருவூலத்துக்கு எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் அவனுடைய 16-ஆம் ஆட்சியாண்டில் இருக்கிறது. 1086-ல் நாடு முழுக்க நிலத்தை மறுபடி அளக்கச் செய்தான். ராஜராஜன் காலத்து அளவுக்குப் பிறகு எவ்வளவோ காடு வயலாகியிருந்தது; புதிய வாய்க்கால்கள் வந்திருந்தன. எந்த நிலம் யாருடையது, எவ்வளவு விளையும் என்ற கணக்கு சரியாக இருந்தால் நிலவரி ஒழுங்காக வரும். அதே 1086-ல்தான் இங்கிலாந்திலும் முதலாம் வில்லியம் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்தான். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிராத இரண்டு அரசர்கள், இருவருமே வெளியிலிருந்து வந்து அரியணை ஏறியவர்கள், ஒரே ஆண்டில் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். குலோத்துங்கன் 1110-ல் இன்னொரு முறையும் அளந்தான். நீண்ட ஆட்சியின் நன்மை இது. தான் போட்ட கணக்கைத் தானே 24 ஆண்டுகள் கழித்துத் திருத்த எத்தனை அரசர்களுக்கு வாய்த்தது?

சுங்கம் நீங்கிய நாட்டில் வணிகம் எப்படி நடந்தது என்பதற்குக் கடலுக்கு அப்பால் சான்றுகள் கிடைக்கின்றன. 1077-ல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு ஒன்று சீனத்துச் சோங் அரசவைக்குப் போனது. கண்ணாடிப் பொருள், கற்பூரம், யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, பன்னீர், பெருங்காயம், கிராம்பு எல்லாம் கொண்டுபோனார்கள். பதிலுக்கு 81,800 சரம் செப்புக்காசு கிடைத்ததாகச் சீனக் குறிப்பு சொல்கிறது. பெயர் தூது, நடந்தது வியாபாரம். சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற வணிகக் குழு வைத்தது. கற்பூரத்துக்குப் பேர்போன ஊர் அது. இந்தப் பக்கம் விசாகப்பட்டினத்துக்கு 'குலோத்துங்க சோழப் பட்டினம்' என்றே பெயர் இருந்தது.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது சிறிய லைடன் செப்பேடு. மூன்றே ஏடுகள், முழுக்கத் தமிழ். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அந்தப் பெயர். நம்மூரில் ஆனைமங்கலச் செப்பேடு என்போம். 1090-ல் எழுதியது. விஷயம் இது: நாகப்பட்டினத்தில், ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் கட்டிய பௌத்த விகாரம் இருந்தது. அதற்கு விட்டிருந்த ஊர்களின் வரிவிலக்கைச் செப்பேட்டில் எழுதித் தரவேண்டும் என்று கேட்டுக் கடாரத்திலிருந்து ராஜவித்யாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்று இரண்டு தூதர்கள் வந்தார்கள். அரசன் அப்போது எங்கே இருந்தான் என்று செப்பேடு சொல்லும் அழகே தனி. ஆயிரத்தளி அரண்மனையில், திருமஞ்சன சாலையில், 'காலிங்கராஜன்' என்று பெயர் வைத்த பள்ளிப்பீடத்தில் எழுந்தருளியிருந்தான். குளிக்கும் மண்டபத்தில் இருக்கையில் அமர்ந்தபடியே வெளிநாட்டுத் தூதரின் விண்ணப்பத்தைக் கேட்டு, சரி, எழுதிக்கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். அந்த இருக்கைக்கும் ஒரு பெயர்! அதிகாரிகள் அதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் செப்பேட்டின் பின்னணியையும் நினைத்துப் பாருங்கள். கடாரத்தைத் தாக்கியவன் இவன் தாத்தா. மாமன் வீரராஜேந்திரனும் 1068 வாக்கில் அங்கே படை அனுப்பினான். பேரன் அதே கடாரத்துப் பௌத்தப் பள்ளிக்கு வரிவிலக்கு தருகிறான். தாத்தா கப்பலில் வீரர்களை அனுப்பினார், பேரன் செப்பேடு அனுப்பினான். இரண்டாவது வழி அதிக நாள் பலன் தந்தது என்பது என் எண்ணம்.

சமயம் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ராமானுசரைத் துன்புறுத்திய 'கிருமிகண்ட சோழன்' என்று வைணவ மரபு சொல்லும் அரசன் இவன்தான் என்று சிலர் சொல்வது உண்டு. வேறு சோழர்கள் பெயரையும் சொல்கிறார்கள். இவன் சிறந்த சிவபக்தன், அதில் ஐயமில்லை. ஆனால் மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் கல்வெட்டில் இருக்கும் பெயர் 'குலோத்துங்க சோழ விண்ணகர்'. விண்ணகர் என்றால் திருமால் கோயில். நாகப்பட்டினத்துப் பௌத்தருக்குச் செய்ததை மேலே பார்த்தோம். கஞ்சனூர் அருகே இருக்கும் சூரியனார் கோயில் 'குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம்'. இந்தச் சூரியன் கோயிலுக்கு வடக்குத் தொடர்பு ஒன்று இருந்திருக்கலாம்: கன்னோசியை ஆண்ட காகடவால அரசர்கள் சூரியனை வணங்கியவர்கள். அவர்களுடைய வம்சாவளி கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டு ஒன்றில் பாதியில் நின்றபடி இருக்கிறது. இத்தனை கதவுகளைத் திறந்து வைத்திருந்தவனைக் கிருமிகண்டன் என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை.

சிதம்பரத்துக்கு அவன் வீடே பணி செய்தது. படைத்தலைவன் மணவில் கூத்தன், நரலோகவீரன் என்ற பெயரால் அறியப்பட்டவன், அங்கே மண்டபம் கட்டி, தேவாரத்தைச் செப்பேடுகளில் எழுதிவைத்தான். குலோத்துங்கனின் உடன்பிறந்தாள் குந்தவை ஆழ்வார் 1114-ல் கோயிலுக்குப் பொன் வேய்ந்தாள். இறைவன் தண்ணீர் அமுது செய்ய 50 கழஞ்சுப் பொன்னில் மண்டை என்ற பாத்திரம் ஒன்று கொடுத்தாள். பாட்டியின் பெயரைப் பேத்தி சுமந்ததைக் கவனியுங்கள். அந்தக் கல்வெட்டில்தான் கம்போஜ அரசன் சோழ மன்னனுக்குக் காட்சிப் பொருளாக அனுப்பிய ஒரு கல்லைப் பற்றிய செய்தியும் வருகிறது. அதைக் கோயிலின் முன்பத்தியில் பதித்தார்களாம். கம்போடியாவிலிருந்து கடல் கடந்து ஒரு கல் பரிசாக வந்து தில்லை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கட்டடம் என்று பார்க்க விரும்புகிறவர்கள் காட்டுமன்னார்கோயில் பக்கம் மேலக்கடம்பூர் போங்கள். சிறிய கோயில். கருவறையே கல்லில் செய்த தேர். இரண்டு பக்கமும் சக்கரங்கள், இழுக்கக் குதிரைகள். தாராசுரத்திலும் கோனார்க்கிலும் பிற்பாடு பெரிதாக வந்த யோசனைக்கு இங்கே முன்னோட்டம் பார்க்கலாம். தஞ்சையில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்போம். இங்கே குனிந்து, சக்கரத்தின் ஆரக்காலில் விரலை வைத்துப் பார்க்கத் தோன்றும். நான் பார்த்தபோது அங்கிருந்து கிளம்பவே மனம் வரவில்லை.

கலிங்கப் போரைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. அவன் பெயரை இன்று தமிழ்நாட்டில் உயிரோடு வைத்திருப்பது அதுதான். 1110-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வயதான காலத்தில் நடந்தது. பரணியின்படி, காஞ்சியில் அரசன் வீற்றிருக்கும்போது திறை கொண்டுவந்த மன்னர்களின் வரிசையில் கலிங்கத்தான் இல்லை. இரண்டு முறை வரவில்லை என்று தெரிந்ததும் வண்டை நகர்த் தலைவன் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் படை புறப்பட்டது. ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாடுவதுதான் பரணி. செயங்கொண்டார் அதை எப்படிப் பாடினார் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். எதிரே நின்றவன் அனந்தவர்மன் சோடகங்கன். பெயரிலேயே சோழம் இருக்கிறது பாருங்கள். அவன் தாய் ராஜசுந்தரி சோழ இளவரசி. புரி ஜகந்நாதர் கோயிலை எழுப்பிய அதே அரசன். இந்தப் போரிலும் சொந்தக்காரர்கள்தான் மோதிக்கொண்டார்கள். குலோத்துங்கன் கலிங்கத்தைச் சோழநாட்டோடு சேர்க்கவும் இல்லை. வென்றான், யானைகளையும் பொருளையும் கொண்டுவந்தான், விட்டுவிட்டான். சோடகங்கன் அதன் பிறகும் பல்லாண்டுகள் ஆண்டான்.

இந்த இடத்தில் ஒரு விசேஷத்தைச் சொல்ல வேண்டும். குலோத்துங்கன் 52 ஆண்டு. வடமேற்கில் விக்கிரமாதித்தன் 50 ஆண்டு. இலங்கையில் விஜயபாகு 55 ஆண்டு. கலிங்கத்தில் சோடகங்கன் ஏறத்தாழ 70 ஆண்டு. நாலு பக்கமும் நீண்ட ஆயுள் வாங்கி வந்த அரசர்கள். ஒருவன் சாவான், மகன் பலவீனமாக இருப்பான், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று யாரும் யாருக்காகவும் காத்திருக்க முடியவில்லை. எல்லையை மதித்து வாழ எல்லோருமே பழகிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நீண்ட ஆட்சியின் கடைசிப் பகுதி வழக்கமாகச் சறுக்கும். இவனுக்கும் சறுக்கியது. போசள விஷ்ணுவர்த்தனன் 1116 வாக்கில் தலக்காட்டைப் பிடித்து, 'தலக்காடு கொண்டவன்' என்று பட்டம் சூடிக்கொண்டான். கங்கவாடி போனது. மறு ஆண்டு பேலூரில் அவன் எழுப்பிய சென்னகேசவர் கோயிலை இன்று நாம் வாய்பிளந்து பார்க்கிறோம். அந்த வெற்றியின் நினைவாகக் கட்டியது என்று சொல்வார்கள். நம் பக்கத்துத் தோல்வி அந்தப் பக்கம் சிற்பமாக நிற்கிறது.

அடுத்தது வேங்கி. 1118-ல் தனக்கு முடியவில்லை என்று தெரிந்ததும், வேங்கியை ஆண்டுகொண்டிருந்த மகன் விக்கிரம சோழனை வரவழைத்து இளவரசுப் பட்டம் கட்டினான். மூத்த மகன்கள் அதற்கு முன்பே போய்விட்டிருக்க வேண்டும். விக்கிரமன் தெற்கே கிளம்பியதும் வேங்கி காலியானது. பல்லாண்டுகளாகப் பொறுத்திருந்த விக்கிரமாதித்தன் இதற்குத்தான் காத்திருந்தான். அந்த ஆண்டே அவன் தளபதி அனந்தபாலன் அங்கே ஆட்சி செய்வதைக் கல்வெட்டுகளில் பார்க்கிறோம்.

வேங்கியில் ஒரு அரசு, காவிரியில் ஒரு அரசு. இளம் வயதில் முதலாவது கைவிட்டுப் போக, இரண்டாவதைப் பிடித்தவன் அவன். முதுமையில் அதே இரண்டும் மறுபடி எதிரே நின்றபோதும் காவிரியையே எடுத்துக்கொண்டான். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னும் நாலு ஆண்டுகள் இருந்தான். அவனுடைய கடைசிக் கல்வெட்டுகள் 52-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. விக்கிரம சோழன் எந்தச் சண்டையும் இல்லாமல் அரியணை ஏறினான். மகள் வயிற்றுப் பேரன் தொடங்கிவைத்த அந்தக் கிளை 1279 வரை சோழர் என்ற பெயரிலேயே ஆண்டது.